வேலைநிறுத்தக்காரன் கையில் டோக்கன்

பரமநாதன் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கும் மனிதர் அல்ல. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலத்திலும் அப்படித்தான். ஓய்வு பெற்று ஜார்ஜ் டவுன் பர்மா ரோட்டு வீட்டில் வந்து அமர்ந்த பிறகும் அப்படித்தான். அன்று காலை சந்திரிகா என்ற தோட்டத்துப் பெண் வாசலில் வந்து நின்று உதவி கேட்டபோது, "வண்டி ஓடும்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டார். வினையெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

அந்த வாரம் கடலுக்கு அக்கரையில், செபராங் பிறையின் தென்பகுதி முழுவதும் பஸ் ஓடவில்லை. கண்டக்டர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இனிமேல் ஓட்டுநரே டிக்கெட்டும் கிழிக்க வேண்டும் என்று பஸ் கம்பெனி உத்தரவு போட்டிருந்தது. ஓட்டுநர்கள் பஸ்களைக் கொட்டகையில் விட்டுவிட்டுச் சாலையோரம் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சுங்கை பாக்காப்பைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பட்டர்வொர்த் பக்கத்து மாக் மண்டின் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

"எப்படி வந்தாய்?" என்று பரமநாதன் கேட்டார்.

"மீன் லோரிலதாங்கய்யா. கிட்ட வந்தா நாத்தம் அடிக்கும், இங்கயே நிக்கிறேன்" என்றாள் சந்திரிகா. "ஞாயித்துக்கெழம சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு ஒரு பழைய ரயிலு ஓட்டுறீங்கல்ல? அத எங்களுக்கு ஓட்டுனா என்னாங்கய்யா? இந்த வாரத்துக்குள்ள வரலைன்னா பேர வெட்டிருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

அவள் சொன்ன ரயில் பரமநாதனின் பெருமை. தோட்டத்து விளைச்சலை ஏற்றிக்கொண்டு மெயின் லைன் ஸ்டேஷன் வரைக்கும் போன பழைய சிறு பாதை அது. தோட்ட நிர்வாகம் கைவிட்ட பிறகு, ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் கூடி ஒரு சங்கம் வைத்து, புல்லைச் செதுக்கி, தண்டவாளக் கட்டை மாற்றி, ரப்பர் விறகில் ஓடும் ஒரு நீராவி எஞ்சினையும் மூன்று பெட்டிகளையும் காப்பாற்றி வைத்திருந்தார்கள். சங்கத்துக்குத் தலைவர் பரமநாதன். அந்த வண்டி மெயின் லைன் வரை கொண்டுபோய் விட்டால் போதும்; அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில்வேயின் ரயில் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது.

பாதை சரியாக இருக்கிறதா, விறகு இருக்கிறதா, எஞ்சின் ஓட்ட இப்ராஹிம் இருக்கிறாரா. ஸ்டேஷன் மாஸ்டரின் புத்தி இந்த மூன்றைத்தான் எண்ணியது. மூன்றும் இருந்தன. ஆகவே சொன்னார்.

சந்திரிகா கும்பிட்டுவிட்டுப் போனதும் உள்ளேயிருந்து தங்கை புஷ்பராணி வந்தாள். பரமநாதனின் மனைவி காலமான பிறகு வீட்டை நடத்துகிறவள் அவள்தான்.

"அண்ணை, என்ன வாக்குக் குடுத்திட்டியள்? பஸ்காரர் வேலைநிறுத்தம் செய்யிற நேரம் நீங்கள் வண்டி விட்டால் உங்களை என்னெண்டு கூப்பிடுவினம்?"

பரமநாதன் வாசல் கதவைச் சாத்தினார்.

"நான் சொல்லட்டோ? கருங்காலி எண்டு கூப்பிடுவினம். எங்கட அப்பாவைக் கூப்பிட்ட மாதிரி."

அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த காலத்தில் ரயில்வே தொழிலாளர்கள் ஒரு முறை வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது பிறை ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்த அவர்களுடைய அப்பா விநாசித்தம்பி, அதிகாரி கேட்டுக்கொண்டார் என்று ஒரே ஒரு வண்டிக்குக் கொடி காட்டினார். போலீஸ் காவலோடு அந்த வண்டி போனது. மறுநாள் காலை குவார்ட்டர்ஸ் சுவரில் தாரால் அந்தச் சொல் எழுதியிருந்தது. விநாசித்தம்பியின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரோடுதான் வளர்ந்தார்கள். அதற்குப் பிறகு பரமநாதன் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும், ஒருவனும் விரல் நீட்ட முடியாதபடி நடந்துகொண்டது முழுவதும், அந்த ஒரு சொல்லைத் துடைப்பதற்காகத்தான்.

"ஓடும் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.

"அப்ப இல்லையெண்டு சொல்லி விடுங்கோ."

"அதுவும் ஏலாது."

மத்தியானம் டெலிபோன் அடித்தது. பேசியது சிவகுருநாதன். உறவில் மச்சான், பஸ் கம்பெனியின் மேனேஜர்.

"மச்சான், கேள்விப்பட்டன். நல்ல காரியம் செய்யிறீர்! விறகு, எண்ணெய் எல்லாம் கம்பெனி தரும். டிக்கெட் குடுக்க எங்கட ஆளையும் அனுப்புறன். நீர் ரெண்டு நாள் ஓட்டும், மூண்டாம் நாள் அவங்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு வருவாங்கள்."

"யார்?"

"வேற ஆர், ட்ரைவர்மார்தான். நாங்கள் உத்தியோகம் பார்த்த குடும்பம், மச்சான். இந்தக் கூட்டத்துக்கு நாங்கள் பயப்பிடுறதோ?"

பரமநாதன் ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டார். பேச்சின் நடுவில் டெலிபோனை வைப்பது மரியாதை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் வெள்ளைக் கோட்டும் கறுப்பு டையும் அணிந்து ஃபெரி ஏறினார். அக்கரையில் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் காரில் பழைய பாதையின் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது புகை எழும்பிக்கொண்டிருந்தது. சந்திரிகா சொல்லிவிட்டிருக்கிறாள். "ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிட்டாருன்னா அப்புறம் என்னா பேச்சு" என்று இப்ராஹிம் முதல் கோழி கூவும்போதே அடுப்பை மூட்டிவிட்டார். பெண்கள் சோற்றுப் பாத்திரங்களோடு பிளாட்பாரம் நிறைய நின்றார்கள்.

ஆனால் எஞ்சினுக்கு முன்னால், தண்டவாளத்தின் மேலேயே, பத்துப் பதினைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜெயராஜ். நல்ல உயரம், முறுக்கிய மீசை, ஓட்டுநர்களின் தலைவன்.

பரமநாதனைக் கண்டதும் அவன் எழுந்திருக்கவில்லை.

"வாங்க கிராணி வீட்டு ஐயா! கோட்டு டையெல்லாம் ஜோரா இருக்கு. கம்பெனிக்காரன் தச்சுக் குடுத்தானா?"

கூட்டம் சிரித்தது. தோட்டத்து ஆட்கள் கிளார்க்கைக் கிராணி என்பார்கள்.

"எங்கப்பா ரயில் ரோட்டுல கட்ட போட்டவரு. ஒங்கப்பா பேரு எனக்கும் தெரியும்லா" என்றான் ஜெயராஜ். "அப்பன் ஒரு வண்டி விட்டாரு. மவன் தெனம் விடப்போறாரா? நல்ல குடும்பம்!"

இப்ராஹிம் எஞ்சினிலிருந்து குதித்து இறங்கினார். "டேய், யார்கிட்ட என்னா பேசுற? ஐயா, போலீசுக்கு ஒரு போன் அடிங்க. அஞ்சு நிமிஷத்துல இவனுங்கள..."

"வேண்டாம்" என்றார் பரமநாதன். "போலீசை நிற்க வைத்து நான் வண்டி விட மாட்டேன்."

அவர் முகம் சிவந்திருந்தது. ஆனால் முதுகு வளையவில்லை. ஒரு பக்கம் அவர் சொல்லை நம்பி நிற்கிற பெண்கள். இன்னொரு பக்கம் அந்தப் பெயர். வண்டி ஓடினால் பெயர் போகும். ஓடாவிட்டால் சொல் போகும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. பிறகு திரும்பி அலுவலக அறைக்குள் போனார்.

வெளியே வந்தபோது அவர் தோளில் ஒரு பெரிய பிரம்பு வளையம் தொங்கியது. வளையத்தில் ஒரு தோல்பை. பைக்குள் உள்ளங்கை அகலத்தில் பித்தளை வில்லை. நேராக நடந்து போய் ஜெயராஜ் முன்னால் நின்று அதைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்னா இது?"

"டோக்கன். இது ஒற்றைப் பாதை. இந்தப் பாதைக்கு இது ஒன்றுதான் உண்டு. இது எஞ்சின் ட்ரைவர் கையில் இல்லாமல் வண்டி ஒரு அடி நகரக்கூடாது. கவர்னரே வந்து உட்கார்ந்து உத்தரவு போட்டாலும் நகரக்கூடாது. உன் அப்பா ரயில் ரோட்டில் வேலை செய்தவர் என்றால் அவருக்கு இது தெரிந்திருக்கும்."

ஜெயராஜ் வளையத்தைப் பார்த்தான். அவருடைய முகத்தைப் பார்த்தான்.

"தெரியும். அதுக்கு?"

"இனி இது உன்னிடம் இருக்கட்டும். காலையில் நீ வந்து இப்ராஹிம் கையில் கொடுத்தால் வண்டி ஓடும். சாயங்காலம் திரும்பி வந்ததும் உன்னிடமே வரும். நீ கொடுக்காத நாளில் ஓடாது. கம்பெனியின் விறகு வேண்டாம். கம்பெனியின் ஆள் ஏறக்கூடாது. யாருக்கும் டிக்கெட் இல்லை, காசு இல்லை."

"நான் குடுக்கவே மாட்டேன்னு சொன்னா?"

"வண்டி நிற்கும். காரணத்தை அதோ அந்தப் பெண்களிடம் நீ போய்ச் சொல். நான் சொல்ல மாட்டேன்."

ஜெயராஜ் பிளாட்பாரத்தைத் திரும்பிப் பார்த்தான். சந்திரிகா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சொல்லுங்கண்ணே, கேப்போம். மொத நாளு ஒங்க கூடாரத்துக்குச் சோறு ஆக்கிப் போட்டது யாரு? நாங்கதான! நாங்க கம்பெனி பக்கமா? எங்க வேலயும் போயிருச்சுன்னா நாளைக்கு ஒங்களுக்கு யாரு போடுவா?"

ஆட்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. வேலை போன கண்டக்டர்களில் ஒருவனின் மனைவியும் அந்தப் பெண்கள் நடுவில்தான் நின்றாள். அவள் தன் புருஷனைப் பார்த்த பார்வையில் அவன் முதலில் எழுந்துகொண்டான்.

ஜெயராஜ் எழுந்து மண்ணைத் தட்டினான். வளையத்தை வாங்கித் தோளில் மாட்டிப் பார்த்தான். பிறகு ஒரு நிபந்தனை சொன்னான்.

"எங்க கண்டக்டருங்க பெட்டிக்கு ஒருத்தரா ஏறுவாங்க. ஏத்தி எறக்கி, பிள்ளைங்கள ஒக்கார வச்சி, எல்லாம் அவங்கதான். கண்டக்டரு இருந்தா எப்படி இருக்கும்னு ஊரு பாக்கட்டும்."

"நல்ல யோசனை" என்றார் பரமநாதன். "சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வரச் சொல்."

ஜெயராஜ் எஞ்சின் அருகே போய் டோக்கனை இப்ராஹிமிடம் கொடுத்தான். எஞ்சின் ஊளையிட்டது.

அன்று முதல் வண்டி ஓடியது. வெற்றிலைக் கூடையோடு கிழவிகளும், சீருடையில் பள்ளிப் பிள்ளைகளும், சந்தைக்குப் போகிற சித்தி ஹாஜராவும் அவளுடைய கோழிகளும், எல்லோரும் ஏறினார்கள். கண்டக்டர்கள் வாசலில் நின்று "உள்ள போங்க, உள்ள போங்க, இன்னும் கொஞ்சம், சிக்கிட் லாகி!" என்று பழைய பாட்டைப் பாடினார்கள். பரமநாதன் யார்டு அலுவலகத்திலேயே ஒரு கான்வாஸ் கட்டில் போட்டுத் தங்கிவிட்டார். டோக்கன் ஜெயராஜ் வீட்டில் இருந்தது. இரண்டாம் நாள் அது வந்தபோது பித்தளையில் குங்குமப் பொட்டு இருந்தது.

"எம்பொண்டாட்டி சாமி படத்துக்கிட்ட வச்சிட்டாங்கய்யா" என்று ஜெயராஜ் தலையைச் சொறிந்தான்.

"நம்ம பங்குக்கு நாளைக்கு நான் அத்தர் பூசுறேன்" என்றார் இப்ராஹிம்.

சங்கடம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு நாள் காலை வண்டி தயாராக நின்றது. பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஜெயராஜைக் காணவில்லை.

வீட்டுக்கு ஆள் போய் வந்தான். முந்தைய நாள் சாயங்காலமே சமரசப் பேச்சுக்கு ஜார்ஜ் டவுனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். காலைக்குள் வந்துவிடலாம் என்று ஜெயராஜ் டோக்கனையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பேச்சு விடிய விடிய நீண்டிருக்கிறது.

மெயின் லைன் ரயில் யாருக்காகவும் காத்திருக்காது. பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். இப்ராஹிம் எஞ்சினிலிருந்து குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஐயா, இந்தப் பாதையில நம்ம வண்டி ஒண்ணுதான். எதுத்தாப்ல மாடு வந்தாத்தான் உண்டு. நீங்க ஒரு தல ஆட்டுங்க, நான் பைய ஓட்டிக்கிட்டுப் போயிர்றேன். அவன் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"டோக்கன் வரட்டும்."

சந்திரிகா பெட்டியிலிருந்து இறங்கியே வந்துவிட்டாள். "வண்டி ஓடும்னு என்கிட்ட சொன்னது நீங்கதானய்யா? இன்னிக்கிப் போகலைன்னா என் பேரு போச்சு. அவரு வரலைன்னா அதுக்கு நாங்களா பொறுப்பு?"

"சொன்னேன் அம்மா. எப்படி ஓடும் என்பதையும் உன் முன்னால்தான் சொன்னேன்."

"நல்லாச் சொன்னீங்க!" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது பரமநாதனைச் சுட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு கறுப்பு மெர்சிடிஸ் கார் வந்து நின்றது. சிவகுருநாதன் இறங்கினார். பின் கதவைத் திறந்துகொண்டு புஷ்பராணி இறங்கினாள். நாலு பேர் முன்னால் தங்கை சொன்னால் அண்ணன் கேட்பார் என்று மச்சான் கணக்குப் போட்டு அழைத்து வந்திருக்கிறார் என்பது பரமநாதனுக்குப் புரிந்தது.

"மச்சான், பார்த்தீரோ? உம்மட மானத்தைக் கொண்டுபோய் ஒரு பஸ் ட்ரைவரிட்டக் குடுத்தீர். அவன் சட்டைப் பையில போட்டுக்கொண்டு திரியிறான்" என்றார் சிவகுருநாதன். "வண்டியை விடும். ஒரே ஒரு வண்டி. இந்தப் பிள்ளையள் பாவம் அல்லோ? பொலிசுக்கும் சொல்லி வச்சிட்டன், ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

ஒரே ஒரு வண்டி.

பரமநாதன் தன் அப்பாவை நினைத்தார். அந்தக் காலத்து அதிகாரியும் இப்படித்தான் பேசியிருப்பான். கோபமாகப் பேசியிருக்க மாட்டான். ஒரே ஒரு வண்டிதானே விநாசித்தம்பி, நோயாளிகள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள், பாவம் அல்லவா என்று சொல்லியிருப்பான். அப்பா பணத்துக்கு மயங்கிய மனிதர் இல்லை. இரக்கப்பட்டுத்தான் கொடியைத் தூக்கியிருப்பார். இத்தனை வருடம் அது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று பரமநாதன் வியந்தார். அப்பா மேல் மனதின் ஒரு மூலையில் இருந்த கசப்பு அந்த இடத்திலேயே இறங்கியது. ஆனால் கை மட்டும் கொடியின் பக்கம் போகவில்லை.

"சிவகுரு" என்றார். சத்தம் போடவில்லை, ஆனால் கடைசிப் பெட்டி வரைக்கும் கேட்டது. "இந்தப் பாதையில் டோக்கன் இல்லாமல் வண்டி போகாது. அது யாரிடம் இருக்க வேண்டும் என்று நான்தான் முடிவு செய்தேன். ஆகவே பிந்தினால் பழி என்னுடையது. நீர் பிளாட்பாரத்தை விட்டு இறங்கும்."

"புஷ்பம், நீயாவது சொல்லு!"

புஷ்பராணி பிளாட்பாரத்தில் நின்ற கண்டக்டர்களைப் பார்த்தாள். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் அவளுடைய அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சித்தி ஹாஜராவின் கோழிக் கூடைக்குப் பக்கத்தில் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"நான் என்னத்தைச் சொல்லுறது? அண்ணை சொல்லிப்போட்டார். நீங்கள் போங்கோ. நான் ரயிலில வாறன்."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பக்கத்துத் தோட்டத்தைத் தாண்டி மெயின் லைன் ரயிலின் ஊதல் தூரத்தில் கேட்டுத் தேய்ந்து போனது. பெட்டிக்குள் ஒரு பெண் அழத் தொடங்கினாள். பரமநாதன் அசையாமல் நின்றார். அப்படி நிற்பது அவருக்கு எளிதாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கடைசியில் சாலை வளைவில் ஒரு சைக்கிள் தெரிந்தது. மிதித்துக்கொண்டு வந்தது ஜெயராஜ். தோளில் பிரம்பு வளையம். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பட்டர்வொர்த்தில் ஃபெரியை விட்டு இறங்கியவன், யாரோ ஒரு சீனக் கடைக்காரரிடம் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் மிதித்திருக்கிறான்.

"என்னாண்ணே, பஸ்ஸு கெடைக்கலையா?" என்றாள் சந்திரிகா.

அழுதுகொண்டிருந்தவள் உட்பட எல்லாப் பெட்டியும் சிரித்தது. ஜெயராஜுக்குச் சிரிக்க மூச்சு இல்லை. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு எஞ்சினைப் பார்த்தான். நகராமல் நிற்கிற சக்கரங்களைப் பார்த்தான். ஆவி வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

"போயிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

"சும்மாவா விட்டாங்க?" என்றார் இப்ராஹிம். "நான் கெஞ்சுனேன், இந்தப் பொண்ணுங்க திட்டுச்சு, ஒங்க மேனேஜரு பெரிய காருல வந்து பாட்டுப் பாடிட்டுப் போனாரு. ஐயா அசையணுமே!"

கண்டக்டர்களில் மூத்தவர் ஜெயராஜின் காதில் ஏதோ சொன்னார். ஜெயராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பினான்.

"தப்பு என்னுது. அடுத்த மெயின் லைன் ரயிலுக்குப் போயிரலாம். நானும் கூட வர்றேன். ஒங்க சூப்பர்வைசருகிட்ட நான் பேசுறேன். ஒருத்தி பேரக்கூட வெட்ட விடமாட்டேன்."

டோக்கனை இப்ராஹிமிடம் கொடுக்கப் போனவன் நின்றான். திரும்பி வந்து பரமநாதன் முன்னால் அதை நீட்டினான். முதல் நாள் அவர் நீட்டியது போலவே இரண்டு கையாலும் நீட்டினான்.

"ஐயா, இனிமே நீங்களே வச்சிக்குங்க. நீங்க எப்பப் போனாலும் எங்களுக்குச் சம்மதம். அன்னிக்கி ஒங்க அப்பாவைப் பத்திப் பேசுனது..." வளையத்தைப் பார்த்தான். "அந்த வார்த்தய இனிமே எங்க ஆளுங்க எவனும் ஒங்க குடும்பத்தப் பாத்துச் சொல்லமாட்டான். சொன்னா நான் இருக்கேன்."

பெஞ்சில் இருந்த புஷ்பராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பரமநாதன் வளையத்தைத் தொடவில்லை. அவருக்குள் என்ன நடந்தது என்பதை அந்த முகத்தில் யாரும் படித்திருக்க முடியாது. கோட்டுப் பொத்தானை ஒரு முறை சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

"முடியாது" என்றார். "உங்கள் வேலைநிறுத்தம் முடியும் வரைக்கும் இது உன் பொறுப்பு. நீ நல்லவன், என்னை நம்புகிறாய் என்பதற்காக முறையை மாற்ற முடியாது. நாளைக்கும் உன் கையால்தான் வர வேண்டும். பேச்சுவார்த்தை நீளும் என்று தெரிந்தால் முந்தைய நாளே உன் ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போ. ஒரு பொறுப்பை எடுத்தால் இதையெல்லாம் யோசிக்க வேண்டாமா?"

"சரிங்கய்யா."

"இந்தப் பெண்களின் காலை நேரத்தை நீயும் நானும் சேர்ந்து வீணாக்கியிருக்கிறோம். போ, கொடு."

ஜெயராஜ் ஓடிப்போய் டோக்கனைக் கொடுத்துவிட்டு முதல் பெட்டியில் தொற்றிக்கொண்டான். புஷ்பராணி சித்தி ஹாஜராவின் கோழிக் கூடைக்கு ஒரு பக்கம் கை கொடுத்து ஏறினாள். சந்திரிகா கடைசியாக ஏறினாள். ஏறும் முன் பரமநாதனைப் பார்த்து, "திட்டுனத மனசுல வச்சிக்காதீங்கய்யா" என்றாள்.

"ஏறு, ஏறு" என்றார் பரமநாதன். பாதை இரு பக்கமும் சுத்தமாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தார். பிறகு பச்சைக் கொடியை விரித்து, கை நீளும் மட்டும் உயர்த்திப் பிடித்தார்.